மெசின் ஓடாத வீட்டில் பேட்டரி

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபின், வீட்டை ஒட்டிய நம் பழைய மெசின் செட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பக்கத்துச் செட்டில் நிட்டிங் ஓட்டும் பழனிச்சாமி அண்ணன் இருந்தார். எதிரே பிரிண்டிங் வைத்திருக்கும் மஜீத் பாய் இருந்தார். சந்து முனையில் தையல் யூனிட் நடத்தும் செல்வி இருந்தாள். தேனிப் பக்கத்திலிருந்து டெய்லராக வந்தவள், இப்போது பெண்களை மட்டும் வைத்துத் தானே வேலை எடுத்துச் செய்கிறாள், உனக்கு நினைவிருக்கும். சோலார் கம்பெனியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். நான் இருந்தேன். இவ்வளவு பேர்தான். நீ இல்லை. ஆனால் டீ ஆறிப்போகும்வரை பேசியதெல்லாம் உன்னைப் பற்றித்தான்.

இந்தக் கடிதத்தை நான் மூடி அனுப்பவில்லை. நாளை மறுநாள் அவர்கள் மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் செல்வியின் மகள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பழனிச்சாமி அண்ணன்தான் கேட்டார். "தம்பிக்கு எழுதறதுல எங்க சங்கதியும் வருதுங்களே அம்மிணி, நாங்களும் ஒருக்கா கேட்டுக்கறமுங்க" என்றார். செல்வி உடனே, "எங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்னா எங்கள நல்லாத்தான எழுதுவீக, அப்பறம் தம்பிக்கு எப்படி உண்மை தெரியும்" என்று சிரித்தாள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். போனிலேயே பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ "பார்க்கலாமுங்மா" என்கிறாய். லைன் விட்டுவிட்டு வருகிறது. நானும் சரி கண்ணு என்று வைத்துவிடுகிறேன். பார்க்கலாம் என்று சொல்கிறவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் கூரை. உன் அப்பா போவதற்கு முன் செட்டை உன் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சந்தில் இருக்கும் நான்கு கட்டிடங்களின் கூரைகளிலும் சோலார் பேனல் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பேட்டரியில் சேர்த்து, கரண்டு போகும்போது மூன்று யூனிட்டுக்கும் அதிலிருந்து கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். மற்ற கூரைகள் சின்னவை. பழனிச்சாமி அண்ணன் செட்டின் மேல் வேப்பமரத்து நிழல் விழுகிறது. செல்வியுடையது வாடகைக் கட்டிடம், கட்டிடக்காரர் பாதிக் கூரைக்குத்தான் சம்மதித்தார். நம் செட்டுதான் நீளமாக, தெற்கே சரிந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில் வாங்கிக்கொண்டு கிடக்கிறது. நம் கூரை இல்லையென்றால் மற்ற மூன்றும் சேர்ந்தும் ஆகாது என்று சூப்பர்வைசர் அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. உன் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது.

இவர்களுக்கு இது ஆசைக்குச் செய்கிற காரியம் இல்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் தாராபுரம் பக்கமும் வெள்ளகோவில் பக்கமும் கரண்டு எடுக்கச் சொந்தமாகக் காற்றாடி நட்டு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் வந்தால் காரில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். இப்போது அந்தப் பையர், உனக்கு நிட்டிங் செய்து கொடுப்பவன் யார், பிரிண்டிங் செய்பவன் யார், அவனுக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று சந்துவரைக்கும் வந்து கேட்கிறான். டீசல் ஜெனரேட்டர் புகையைப் பார்த்துவிட்டுப் போன ஒரு பையரால், மஜீத் பாய்க்கு வந்துகொண்டிருந்த வேலை வேறு இடத்துக்குப் போய்விட்டது. தனியாகப் பேட்டரி வாங்க பாய்க்கும் முடியாது, செல்விக்கும் முடியாது. செல்வி விசாரிக்கப் போனபோது சோலார் கம்பெனிக்காரர் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். மூன்று பேருமாகப் போனதும் அதே ஆள் டீ வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இதைக் கேட்டபோது நீ போன தடவை லீவில் வந்து சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைத்து உன் வேலையை எனக்கு விளக்கியதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தட்டும், நீங்கள் கரண்டு கொண்டுபோகும் கடலில் ஒரு தீவு. ரசக்கிண்ணம் டீசல் கப்பல். ஒரு தீவு தனியாகப் போய்ப் பேட்டரி கேட்டால் பெரிய கம்பெனிக்காரன் பதில்கூடப் போடமாட்டான், பல தீவுகள் பல நாடுகள் சேர்ந்து கேட்டால்தான் விலை பேச வருவான் என்றாய். ஒரு நாட்டில் பழகிய மெக்கானிக் இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சொல்லித்தருவான், உதிரிபாகங்களை எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிடங்கில் வைத்துக்கொள்வார்கள், பக்கத்துப் பக்கத்துத் தீவுகளுக்கு நடுவே கடலுக்கடியில் கேபிள் போடுவார்கள் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி, நான் அங்கே வந்து உன்னோடு இருந்த மாதத்தில் புரிந்தது. டீசல் கப்பல் வரத் தாமதமான நாட்களில் சாயங்காலம் ஆனால் விளக்கெல்லாம் அணைந்துவிடும். பெண்கள் கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படகுத்துறையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஊரே இன்னொருவர் அனுப்பும் எண்ணெய்க்காகக் கடலைப் பார்த்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். என் மகன் செய்வது நல்ல வேலை என்று அன்றைக்கே ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட வேலை செய்கிற நீ, நம் சந்துக்கு மட்டும் ஏன் பார்க்கலாம் என்கிறாய் என்று எனக்கு மனசுக்குள் கோபம்தான். போன மாதம் அதற்கும் பதில் கிடைத்தது. அவர்கள் கேட்கட்டும் என்றே அதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் மகன் பணத்துக்காக இழுத்தடிக்கிறான் என்று சந்தில் ஒரு பேச்சு இருக்கிறது. நீ சொன்னாய்: இரண்டு தீவுகளைக் கேபிளால் சேர்த்து, பேட்டரியை ஒரு தீவில் வைத்தீர்கள். புயல் வந்த சமயம் இரண்டுக்கும் போதாமல் ஒரு தீவு இருட்டாகிவிட்டது. பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் வீட்டுக் கண்ணாடிகளை ஊர்க்காரர்கள் உடைத்துவிட்டார்கள். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு தீவுக்குப் போய்விட்டார். "கரண்டு போனா யாரையாச்சும் திட்டோணும்னு இருக்குமுங்மா. அந்த ஆளு நீங்களா இருக்க வேண்டாம்" என்றாய். உன் குரல் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருக்குமே, அப்படி இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஜெபத்தில் அந்த மனிதரையும் சேர்த்துக்கொள்கிறேன். பேர் தெரியாததால் கண்ணாடி உடைந்த வீட்டுக்காரர் என்று சொல்கிறேன்.

நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தத் திட்டை நான் ஏற்கெனவே வாங்கியும் ஆகிவிட்டது. அதை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இந்தக் கோடையில் கரண்டு அடிக்கடி போனபோது, மஜீத் பாயின் ஜெனரேட்டரிலிருந்து மூன்று யூனிட்டுக்கும் லைன் இழுத்தோம். அது பழைய ஜெனரேட்டர், ஒரு நேரத்தில் ஒரு யூனிட்டைத்தான் தாங்கும். மாற்றிவிடும் சுவிட்சை சந்துக்கு நடுவில் இருக்கிறதென்று நம் வீட்டுச் சுவரில் வைத்தார்கள். நான் எப்போதும் வீட்டில் இருப்பவள்தானே. கரண்டு போன நேரமும் வந்த நேரமும் காலண்டரில் குறித்து வைப்பது எனக்குப் பழக்கம், யாருக்கு எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. பழனிச்சாமி அண்ணன் கூப்பிட்டு, "உருளையில பாதித் துணி நிக்குதுங்க அம்மிணி, மெசின் நின்ன எடத்துல கோடு வுழுந்துருச்சு, இனி நின்னா என்ன ஓடுனா என்ன, மத்தவங்களுக்கு வுடுங்க" என்று தானே விட்டுக்கொடுப்பார்.

ஒரு சாயங்காலம் மட்டும் அப்படிப் போகவில்லை. கரண்டு போனது. பாய் யூனிட்டில் பிரிண்ட் போட்ட துணி, சூடேற்றும் மெசினுக்குள் பெல்ட்டின் மேல் நின்றுவிட்டது. பெல்ட் நின்றாலும் சூடு நிற்காது, துணி கருகும். அதே நேரம் செல்வி யூனிட் வாசலில் லாரி நிற்கிறது, கடைசி பண்டிலைத் தைத்து ஏற்ற வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பாய்க்குத் திருப்பினேன். ஏன் என்று கேட்டால், கருகிய துணியைத் திரும்ப வெள்ளையாக்க முடியாது, லாரியை இன்னொரு தடவை வரவைக்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். செல்வி நம் வாசலில் வந்து நின்று, அவளிடம் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் பார்க்க, "பாய் துணி கருகக்கூடாது, எங்க புள்ளைக கூலி கருகலாம், அப்படித்தானக்கா?" என்று கேட்டாள். அதற்கு மேலும் கேட்டாள். என் மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான், ஒரு நாள் வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்கு எங்கே தெரியப்போகிறது என்றும் சொன்னாள். நான் பதில் பேசவில்லை. லாரி பாதிச் சரக்கோடு கிளம்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுக்கு வரவில்லை. முன்பெல்லாம் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் நமக்கு வந்துவிடும், புளிப்புத் தூக்கலாக, அவள் ஊர்ப் பக்குவம். அது நின்றது. அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. பாய் வீட்டிலிருந்து அந்த வாரம் பிரியாணி கொடுத்தனுப்பினார்கள். வழக்கமாக வருவதுதான். நான் வாங்கவில்லை. அன்றைக்குக் கரண்டு கொடுத்ததற்கு வந்த பிரியாணி என்று ஒருவர் நினைத்தால்கூட, அடுத்த தடவை நான் சுவிட்சைத் தொடும்போது என் கையைப் பார்ப்பார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, ரசம் வைத்துச் சாப்பிட்டேன். பிறகு பழனிச்சாமி அண்ணன் வீட்டுச் சீர் விசேஷத்துக்குக் கூப்பிட்டார்கள், போய் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். யாரும் எனக்கு இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் இதை எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்த ஊரில் நான்கு குடும்பத்துக்குப் பொதுவான ஒரு கிணறு இருந்தது. ஒரே மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மோட்டார் ரூம் சாவி அந்த நான்கு பேரில் யார் வீட்டிலும் இருக்காது, அந்தக் கிணற்றில் பங்கில்லாதவர் ஒருவரிடம்தான் இருக்கும். எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறுகளில் அதுதான் வழக்கம். எங்கள் கிணற்றுச் சாவி ரூத்தம்மாளிடம் இருந்தது. எங்கள் வேதக்கோயிலைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர், ஒரு சென்ட் நிலம் கிடையாது. சண்டை வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு, பெரிய பெரிய மீசைக்காரர்களும் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆனால் அந்த நான்கு வீட்டில் எதிலும் அவர் கை நனைத்ததில்லை. கல்யாணம் என்றால் வருவார், பெண் தலையில் கை வைத்து ஜெபம் செய்வார், இலை போடுவதற்குள் கிளம்பிவிடுவார். பொம்பளைக்கு எவ்வளவு கர்வம் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். அது கர்வமில்லை என்று பிரியாணியைத் திருப்பி அனுப்பிய அன்று தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பேனல் எங்கே, ஒயர் எங்கே என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பேட்டரி யார் வீட்டில் இருப்பது என்ற இடத்தில்தான் நின்றது. வெயில் இருக்கும்போது மூன்று பேருக்கும் தாராளமாக இருக்கும். சாயங்காலம் கரண்டு போய், பேட்டரியும் குறைந்திருந்தால் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். சூப்பர்வைசர், "அதுக்கு ஆள் எதுக்குங்க, யாருக்கு மொதல்லன்னு சிஸ்டத்துல செட் பண்ணிட்டா அதுவே பாத்துக்கும்" என்றார். பழனிச்சாமி அண்ணன் அமைதியாக, "செரிங்க, யார மொதல்ல செட் பண்ணுவீங்க?" என்று கேட்டார். அந்த ஆள் எங்கள் நான்கு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ இருக்கும் ஊரிலும் இப்படித்தான், கம்ப்யூட்டர்தான் முடிவு செய்தது என்று சொன்னால் கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது என்று தீவுக்காரர்கள் கேட்டார்கள் என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு மஜீத் பாய்தான் பேசினார். "அக்கா ஊட்லயே இருக்கட்டுமுங்க. அவங்க ஊட்லதான் மெசின் ஓடறதில்ல. அவங்களுக்குக் கரண்டு எதுக்கு வேணும்? ஒரு ஃபேன், ஒரு லைட்டு. அவங்களுக்குன்னு எடுத்துக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் கண்ணு. பாய் இதை வாசிக்கக் கேட்கும்போது வருத்தப்படக் கூடாது, அதனால் சொல்கிறேன், அவர் சொன்னது என்மேல் இருக்கிற மரியாதை. ஆனால் எனக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. உன் அப்பா இருந்தபோது இந்தச் செட்டில் மெசின் சத்தத்தில் காது கேட்காது, நான் சாப்பிடக் கூப்பிடுவதென்றால் கையைத்தான் ஆட்ட வேண்டும். இப்போது அதே இடத்தில் உட்கார்ந்து, இந்த வீட்டுக்கு எதுவும் வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். உண்மைதானே என்று நானும் தலையாட்டினேன்.

எனக்கு எதிராக ஓட்டுப் போடுவாள் என்று நான் நினைத்தது செல்வியைத்தான். கோடைக்குப் பிறகு அன்றுதான் அவள் நம் வாசலை மிதித்தாள். அவள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "பேட்டரி ரூம் சாவி இந்த அக்காகிட்டதான் இருக்கணும். அன்னைக்கி நான் அம்புட்டுப் பேசுனேன், இவுக திரும்ப ஒரு வார்த்தை பேசல. மறுநா கரண்டு போனப்ப எனக்குத்தான் முறை, பேசுனவளாச்சேன்னு ஒரு நிமிசம்கூடக் குறைக்காமக் குடுத்தாக. நான் சுவிட்ச்சத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அதுக்காகக் கோவம் போயிருச்சுன்னு நினைக்காதீக" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போகும்போது கிண்ணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை உன்னிடம் கேட்க வேண்டும். அந்தக் கண்ணாடி உடைந்த வீட்டுக்காரரின் மச்சான்தான் அந்தத் தீவில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னாய். புயல் அன்று ஐஸ் ஃபேக்டரிக்குக் கரண்டு போனதோ இல்லையோ எனக்குத் தெரியாது. போகாவிட்டாலும் போனதென்றுதான் ஊர் சொல்லியிருக்கும். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், கிணற்றில் அவர் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. எனக்கு இங்கே ஒருவருடைய கிணற்றிலும் பங்கில்லை. அதனால் எனக்கு அப்படி நடக்காது என்று அடித்துச் சொல்ல வரவில்லை. திட்டு வரும். கல்கூட வரலாம். நீ அங்கே பக்கத்திலிருந்து பார்த்தவன், நான் நினைப்பது தப்பென்றால் தப்பு என்று எழுது.

நூல் குடோன்காரர் ஒருவர் செட்டுக்கு நல்ல விலை சொல்லிவிட்டுப் போனதும், விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடுங்கள் என்று நீ சொல்வதும் என் மனதில் இல்லாமல் இல்லை. உன்னோடு இருந்த மாதத்தில் நீ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நீ காலையில் படகேறிப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாய். அதுவரை ஜன்னலுக்கு வெளியே கடல். எனக்குத் தெரிந்த ஒரு வார்த்தை அங்கே யாருக்கும் தெரியாது. ஓய்வுநாளில் ஆராதனைக்குப் போக வழியில்லாமல் தனியாக உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் சுட்ட மீனோடு வாசலில் நின்று, சாப்பிட வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் செருப்பை மாட்டப் போனேன். நீ, வேண்டாமுங்மா, இங்கே நான் யார் வீட்டிலும் சாப்பிடுவதில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டாய். பெற்ற பிள்ளை இவ்வளவு ஒட்டாதவனாக எப்படி ஆனான் என்று எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. நீ கவனித்திருப்பாய்.

அதற்கான காரணமும் எனக்கு இந்தக் கோடையில்தான் தெரிந்தது. அத்தனை நாட்டுக்காரர்களும் சேர்ந்து, எந்தத் தீவுக்கு முதலில் கேபிள், எந்தத் தீவுக்கு அப்புறம் என்று முடிவு சொல்ல, அந்தக் கடலில் ஒரு கைப்பிடி மண்கூடச் சொந்தமில்லாத உன்னைப் போன்றவர்களை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் உன்னை நம்புகிறார்கள். அதனால்தான் நீ உன் அறையில் தனியாக முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். நீ ஏன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே வேறு பேச்சுக்குப் போகிறாய், போனில் ஊர்க்கதை ஒன்றுகூடச் சொல்லாமல் ஏன் வானிலை மட்டும் சொல்கிறாய் என்றெல்லாம் நான் உன்மேல் வைத்திருந்த மனத்தாங்கல்களில் பாதி, பிரியாணியைத் திருப்பி அனுப்பிய அன்றோடு போய்விட்டது. உன்னால் அங்கே யாரிடமும் யாரைப் பற்றியும் பேச முடியாது. எனக்கும் இனி அப்படித்தான்.

இந்த வீட்டில் எதுவும் வேண்டியதில்லை என்று மஜீத் பாய் சொன்னபோது நான் தலையாட்டியது சரியில்லை. எனக்கு வேண்டியது இருக்கிறது. நான் இங்கேயே இருக்க வேண்டும். பேட்டரி நம் வீட்டுப் பக்கத்து அறைக்கு வரட்டும், சாவியை நான் வைத்துக்கொள்கிறேன். பிரியாணி வேண்டாம், மீன் குழம்பு வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சாவி கைக்கு வந்தபின், இன்றைக்கு இவருக்குக் கொடுத்தேன், அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், நான் செய்தது சரியா தப்பா என்று கேட்க எனக்கு இந்தச் சந்தில் ஒரு ஆள் இருக்காது. அப்படிக் கேட்பதற்கு நீ வேண்டும். நீயும் அங்கே நடப்பதை என்னிடம் சொல். எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது, யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்? வானிலை சொல்வதை விட்டுவிட்டு, அன்றைக்கு உன்மேல் யார் கோபப்பட்டார்கள் என்று சொல்.

கையெழுத்துப் போடுகிறாயா இல்லையா என்பதை நீயே முடிவு செய். உனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, போடமாட்டேன் என்றால், போடமாட்டேன் என்றே எழுது. நான் வருத்தப்படமாட்டேன் என்று பொய் சொல்ல முடியாது, ஆனால் இவர்கள் மூன்று பேரும் வேறு வழியாவது பார்ப்பார்கள். சூப்பர்வைசர் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. இந்த வாரத்துக்குள் ஒரு பதில் போடு கண்ணு.

உன் அம்மா